ஆறு முறை வெளிச்சம்

பகல் இரண்டேகால் மணிக்கு அந்த உருளை மரத்தட்டில் உட்கார மறுத்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், என் மேசை கூடத்துக் கடிகாரத்துக்கு எதிரே இருந்ததுதான். உருளையைக் கீழே வைத்துவிட்டு நான் முதலில் நிமிர்ந்து பார்த்தது அந்தக் கடிகாரத்தை.

சைகோன் ஐயா இறந்த பிறகு அவருடைய துப்பாக்கிகளை மொத்தமாக வாங்கிய புதுச்சேரிக்காரர், அவற்றைப் பராமரிக்க இரண்டு இளைஞர்களை வேலைக்கு வைத்திருக்கிறார். போன மாதம் அவர்கள் என்னைத் தேடிப் பாகூருக்கு வந்தார்கள். "கையில எடுத்ததும் முன்பக்கத்துல இருந்து ஓட்டைங்கள எண்ணணும்னு உங்க காலத்துல ஒரு சட்டமாமே, எதுக்கும்மா அது?" என்று கேட்டான் ஒருவன். மற்றவன் சிரித்தான். பதில் சொல்ல வாயெடுத்தேன். வாயால் சொல்லி முடிகிற கதையில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதுதான் அது.

நான் வேலை கற்ற கதை சின்னது. என் கணவர் சைகோன் துறைமுகத்தில் வேலை பார்த்து அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். கைக்குழந்தையாக இருந்த எலிசாவோடு கப்பலேறி ஊர் திரும்பினேன். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்த பிரெஞ்சு மட்டும் கையில் இருந்தது. சைகோன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஐயா. பாகூரில் பெரிய வீடு, செலியமேட்டில் நெல் நிலம். மர்செய், லியேழ் நகரங்களில் உள்ள துப்பாக்கி வியாபாரிகளுக்குக் கடிதம் எழுத அவருக்கு ஆள் தேவைப்பட்டது. கடிதம் எழுதப் போனவள் தூசி துடைத்தேன், பிறகு எண்ணெய் போட்டேன், இரண்டு ஆண்டுகளில் துப்பாக்கி அறைச் சாவி என் இடுப்புக்கு வந்துவிட்டது.

அவர் சேர்த்தவை எல்லாம் ஒரே வகை. அந்தக் காலத்து ரிவால்வர்களில் மருந்தையும் குண்டையும் உருளையின் முன்பக்கமாக இடித்து நிரப்புவார்கள். பிற்பாடு பித்தளைத் தோட்டா வந்ததும், பழையதைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் ஏதாவது ஒரு கொல்லனிடம் கொடுத்து, உருளையின் பின்பக்கத்தை அறுத்து, துளையிட்டு, தோட்டா போடும்படி மாற்றிக்கொண்டார்கள். அப்படித் தனி ஆள் சொன்னதற்காகத் தனிக் கொல்லன் மாற்றியதை மட்டுமே ஐயா வாங்குவார். தொழிற்சாலையில் வரிசையாக மாற்றியதைத் தொடக்கூட மாட்டார். "ஒரு கொல்லன் உட்கார்ந்து யோசிச்ச அடையாளம் அதுல இருக்கணும் மதாம்" என்பார். அரம் ஓட்டிய கோடுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஒரு காலைப் பொழுதையே கழிப்பார். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஆனால் அந்த அறையிலிருந்த எல்லாவற்றிலும் ஒன்று மட்டும் பொது: உருளையில் தோட்டா இறங்கும் அறைகள் ஆறு.

துப்பாக்கி காலியா என்று பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. பூசை செய்வதுபோலச் செய்வார். பின்பக்கம் வலப்புறத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் ஒரு நேரத்தில் ஓர் அறைதான் கண்ணுக்குத் தெரியும். முன்னாலிருந்து கம்பியை விட்டுத் தள்ளுவார். தோட்டா இருந்தால் பின்னால் விழும். பிறகு சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து அறை வழியே பார்த்து, "வெளிச்சம்" என்று வாய்விட்டுச் சொல்வார். உருளையை ஒரு சொடுக்குத் திருப்புவார். மறுபடி கம்பி, மறுபடி "வெளிச்சம்". ஆறு முறை சொன்னதும் கதவை மூடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கம்பி விடாமலே "காலி ஐயா" என்று நீட்டினேன். அவர் திட்டவில்லை. துப்பாக்கியை மேசைமேல் வைத்தார், காப்பியைக் குடித்து முடித்தார், கைக்குட்டையால் மீசையைத் துடைத்தார். "காலின்னு துப்பாக்கி சொல்லல. நீங்க சொல்றீங்க" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு நான் ஒருநாளும் கம்பியை மறக்கவில்லை. உரிமச் சீட்டைச் சரிபார்க்க வரும் ழாந்தார்ம் என்னும் பிரெஞ்சுப் போலீஸ் அதிகாரியையும் அவர் விடமாட்டார். அந்த மனிதர் கொட்டாவி விட்டபடி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஆறு வெளிச்சம் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். "உங்க ஐயா வூட்ல விளக்கே வேணாம், இவ்ளோ வெளிச்சம்" என்று வாசலில் என்னிடம் முனகுவார்.

ஐயாவுக்கு ஒரே ஒரு கூட்டாளி. ஒதியம்பட்டில் இருந்த சவரிமுத்து. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர், ஊரில் சொல்தா, அதாவது சிப்பாய், என்றால்தான் தெரியும். அவரும் இதே பைத்தியம். புதிதாக ஒன்று வந்தால் பெட்டியில் வைத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். சோதித்த துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து, கயிறு கட்டி, முடிச்சின்மேல் சிவப்பு அரக்கு உருக்கி ஐயாவின் மோதிரத்தால் முத்திரை குத்துவோம். அரக்கு இருந்தால் காலி என்று பொருள். அந்த முத்திரையை உடைத்த பிறகு மறுபடி சோதிப்பது ஐயாவைச் சந்தேகிப்பது போலாகும் என்று சொல்தா நினைத்தார். அதனால் அவர் சோதிக்கவே மாட்டார்.

அவர் வீட்டில்தான் என் எலிசா தங்கிப் படித்தாள். பாகூரில் அவளுக்கு ஏற்ற வகுப்பு இல்லை. ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூர்ப் பள்ளிக்கு நடந்து போய் வரலாம். சொல்தாவுக்கும் அவர் மனைவி மதலேன் அக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை. பேத்தி மாதிரி வைத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு விளையாட்டு உண்டு. புதுத் துப்பாக்கி வந்தால் முதலில் சாகிறவள் எலிசா. சொல்தா குறிபார்த்து விசையை இழுப்பார். 'டிக்' என்று சத்தம் வரும். "செத்தியாடி?" என்பார். இவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுழன்று விழுந்து, "செத்துட்டேன் தாத்தா!" என்பாள். நன்றாக விழாவிட்டால் மறுபடி இழுப்பார். எனக்கு அது பிடிக்காது. ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். "அரக்கு பாத்தியாம்மா? உங்க ஐயா அரக்கு. சாமி மேல சத்தியத்தவிடப் பெருசு" என்று சிரித்தார்.

அன்று காலை சைகோனிலிருந்து பெட்டி வந்தது. ஐயாவோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவி, கணவர் இறந்தபின் விற்றது. உள்ளே ஒரு ரிவால்வர், அதற்கு மாற்றாக இன்னொரு உருளை, அது கம்பளித்துணியில் சுற்றியிருந்தது. பெட்டி வரும் செய்தி சொல்தாவுக்குத் தெரிந்து முந்தின நாளே தன் வண்டிக்காரர் முருகேசனை அனுப்பிவிட்டார். முதல் பார்வை தனக்குத்தான் வேண்டுமாம். முருகேசன் வாசலில் நின்று, "வெயிலுக்கு முன்னாடி போவணும்மா, மாடு தாங்காது" என்று பல்லவி பாடிக்கொண்டிருந்தார். துப்பாக்கியில் தோட்டாக்கள் இருந்தன. ஐயாவே உட்கார்ந்து தள்ளினார். ஒவ்வொன்றாகப் பித்தளைத் தட்டில் விழுந்தது. விழுந்ததும் உயர்த்திப் பார்த்து, "வெளிச்சம்". ஆறு தோட்டா, ஆறு வெளிச்சம். கதவை மூடினார். நான் அரக்கு உருக்கினேன். அவர் மோதிரத்தை அழுத்தினார். எல்லை தாண்டும் சீட்டோடு பெட்டி வண்டியேறியது.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் மாற்று உருளையைப் பிரித்தேன். உருளைகளை நிறுத்தி வைக்க எங்களிடம் மரத்தட்டுகள் உண்டு. ஆறு முளைகள் வட்டமாக நிற்கும். உருளையின் துளைகள் அவற்றில் இறங்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் இது இறங்கவில்லை. இரண்டு முளை நுழைந்தால் மூன்றாவது விளிம்பில் முட்டியது. முளை வீங்கிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு உருளையைத் திருப்பி விரலால் தொட்டு எண்ணினேன். ஏழு.

சைகோன் கொல்லன் சின்னத் தோட்டாவுக்காகப் புது உருளை செய்திருக்கிறான். இடம் மிஞ்சியிருக்கிறது. ஒரு துளை கூடப் போட்டிருக்கிறான். துப்பாக்கியோடு போன உருளையிலும் இதே கொல்லனின் மீன் முத்திரையை நான் காலையில் பார்த்திருந்தேன். இரண்டும் சோடி.

பித்தளைத் தட்டில் ஆறு தோட்டாக்கள் கிடந்தன.

ஐயாவை எழுப்பினேன். அவர் உருளையை வாங்கி நகத்தால் சுற்றிச் சுற்றி எண்ணினார். மூன்று முறை எண்ணியிருப்பார். முகத்தில் எதுவும் மாறவில்லை, காது மடல்கள் மட்டும் வெளுத்தன.

"பழைய தோட்டா. கடல் காத்து பட்டிருக்கும். வெடிக்காமலும் போகலாம்."

"போகலாம் ஐயா. எலிசா பள்ளிக்கூடம் வுட்டு நாலரைக்கு வூட்டுக்கு வந்துடுவா."

அவர் எழுந்தார். குதிரை வண்டியைப் பூட்டச் சொன்னார். அவரும் வருவதாகச் சொன்னார். வெள்ளைக் கால்சட்டை, கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுக்கொள்ளாமல் அவர் வெளியே வரமாட்டார். அந்தப் பொத்தான்களை அவர் ஒவ்வொன்றாக மாட்டுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. உருளையைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டார். எதற்கு என்றேன். "சவரிமுத்து கண்ணால பார்த்தாத்தான் நம்புவான். என் அரக்கு தப்புன்னு யார் சொன்னாலும் நம்ப மாட்டான்."

பாகூரிலிருந்து ஒதியம்பட்டுக்குப் போக நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கே வரும். வரப்புக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு, அந்தப் பக்கம் இங்கிலீஷ், மறுபடி பிரெஞ்சு. சாலையில் மூங்கில் கம்பம் கட்டிய சுங்கச் சாவடி. அதுவரை குதிரை நன்றாக ஓடியது. நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். ஏழு அறை, ஒன்றில் தோட்டா. ஒருமுறை இழுத்தால் உருளை ஒரு சொடுக்கு நகரும். அந்தத் தோட்டா இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று காலையில் ஐயா கையசைத்த விதத்தை நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது.

சாவடிக்காரன் கம்பத்தைத் தூக்கவில்லை. "இன்னா சாமி, பையில இன்னா கீது?" என்று கேட்டுக் கைக்குட்டையை அவிழ்த்தான். உருளையைத் திருப்பிப் பார்த்தான். "இன்னாது இது? ஓமப்பொடி அச்சா?"

"ஆமாங்க" என்றேன் நான், ஒரு நொடியும் யோசிக்காமல். "ஒதியம்பட்டுல சொந்தக்காரவங்களுக்கு."

"இல்லை" என்றார் ஐயா. "அது ரிவால்வர் உருளை. அதிகாரிகிட்டப் பொய் சொல்லக்கூடாது மதாம்."

முப்பது ஆண்டு நீதிமன்றத்தில் இன்னொருவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகிய மனிதர். அவரால் வேறு மாதிரி பேச முடியாது என்பது இன்று எனக்குப் புரிகிறது. அன்று அந்தத் தொப்பியைப் பிடுங்கி வாய்க்காலில் எறியத் தோன்றியது. சாவடிக்காரன் விசில் ஊதினான். உள்ளிருந்து இன்னும் இருவர் வந்தார்கள். "ரிவால்வராம்பா! ஏட்டையாவ இட்டுகினு வா!" சீட்டு எங்கே, உரிமம் எங்கே, துப்பாக்கி எங்கே. ஐயா நிதானமாக ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லத் தொடங்கினார். வண்டியையும் பிடித்து வைத்தார்கள். ஏட்டு எங்கோ சந்தைக்குப் போயிருந்தார்.

நான் இறங்கினேன். "பொம்பளய வுடுங்க, அது இன்னா பண்ணும்" என்று எவனோ சொன்னது காதில் விழுந்தது. கம்பத்துக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய் நடந்தேன், பிறகு ஓடினேன். கரும்புத் தோட்டங்கள் இரண்டு பக்கமும் உயர்ந்து நின்றன. செருப்பு ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை. பின்னால் ஒரு மிதிவண்டி மணி. வெற்றிலைக் கூடை கட்டிய ஒருவர்.

"அண்ணே, ஒதியம்பட்டு வரைக்கும் இட்டுகினு போங்க. என் பொண்ணு உசிரு."

அவர் என் வெள்ளைப் புடவையைப் பார்த்தார், சாலையை முன்னும் பின்னும் பார்த்தார். தாலியறுத்த ஒருத்தி அந்நிய ஆணின் மிதிவண்டியில் ஏறுவது அந்தக் காலத்தில் ஊரே பேசுகிற சங்கதி. கூடையை அவிழ்த்து மரத்தடியில் வைத்தார். "ஏறும்மா. யாரு இன்னா சொன்னா எனக்கின்னா. வெத்தலைய மாடு தின்னாம இருந்தா சரி."

ஒதியம்பட்டுத் தெருவில் நுழையும்போது புத்தகப் பையோடு பிள்ளைகள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். பள்ளி விட்டாகிவிட்டது. அந்த முகங்களில் எலிசா இல்லை.

மதலேன் அக்கா வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "வா ரோசு, இன்னா இப்புடி தலவிரி கோலமா..."

"அக்கா, எலிசா எங்க?"

"இப்பத்தான் வந்துச்சி. பின்னால தோட்டத்துல தாத்தாவும் பேத்தியும் செத்துச் செத்து வெளயாடுதுங்க."

வீட்டைச் சுற்றிப் பக்கச் சந்து வழியே ஓடினேன். மூலை திரும்பும் முன் அந்தச் சத்தம் கேட்டது. 'டிக்.' என் கால்கள் நின்றுவிட்டன. கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அத்தனை ஆண்டு துப்பாக்கி அறையில் கற்ற ஒன்று என்னைத் தடுத்தது. விசையில் விரல் வைத்திருக்கும் ஒருவரைப் பின்னாலிருந்து கத்திக் கூப்பிடக் கூடாது. திடுக்கிட்டால் முதலில் மடங்குவது அந்த விரல்தான். சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தேன். எனக்கு முதுகு காட்டிக் கவிழ்த்த உரலின்மேல் சொல்தா உட்கார்ந்திருந்தார். நீட்டிய கை. கைக்கு நேர் எதிரே, நாலு முழத் தூரத்தில் என் மகள். அவள் விழவில்லை. தலையைச் சாய்த்துத் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, மூணு வாட்டி சுட்டுட்டேன், சாவமாட்டேன்ற?"

"இரு தாத்தா. அதுல ஒரு ஓட்டை மட்டும் கண்ணு மூடிகினு இருக்குது."

"இன்னாடி உளர்ற?"

"மத்த ஓட்டையெல்லாம் கருப்பா இருக்குது. ஒண்ணு மட்டும் சாம்பல் கலர்ல அடச்சிகினு இருக்குது. நீ டிக்குனு இழுக்கற ஒவ்வொரு வாட்டியும் அது ஏறி ஏறி மேல வருது. இப்ப கொழாய்கிட்ட வந்துடுச்சி தாத்தா."

பின்னாலிருந்து பார்க்கும் எங்களுக்கு ஒருநாளும் தெரியாத ஒன்று அது. உருளையின் முகம் யார்மேல் குறிவைக்கிறோமோ அவருக்கு மட்டுமே தெரியும்.

சொல்தாவின் முதுகு அசையவில்லை. பிறகு அவருடைய ஆள்காட்டி விரல் விசையிலிருந்து மெல்ல, ஒட்டிக்கொண்ட ஒன்றைப் பிரிப்பது போலப் பிரிந்து நேராக நீண்டது. துப்பாக்கி முனை மண்ணைப் பார்த்து இறங்கியது. "எலிசா கண்ணு," என்றார். அது அவர் குரலே இல்லை. "கெணத்தாண்ட போய் நில்லு. ஓடாத. நடந்து போ."

அவள் நடந்து போனாள். அவர் சின்னக் கதவைத் திறந்தார். கம்பி இல்லாமல் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து முன்னாலிருந்து தள்ளினார். குச்சி இரண்டு முறை தவறியது. தோட்டா மண்ணில் விழுந்தது. கெட்டுப் போனதா நல்லதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதை வெடித்துப் பார்க்க யாரும் முன்வரவில்லை.

எலிசாவைப் பிடித்துக்கொண்டு நான் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். "கை வலிக்குதும்மா, வுடும்மா" என்றாள். விட என்னால் முடியவில்லை. இப்போது அவளுக்கே ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் காரணமில்லாமல் எதையாவது எண்ணிக்கொண்டிருக்கிறேன், குழந்தையின் சட்டைப் பொத்தானை, முறத்தில் கிடக்கும் கத்தரிக்காயை. எண்ணி முடித்ததும் விட்டுப்போன ஒன்று எங்கோ இருப்பதாகத் தோன்றுகிறது. மறுபடி எண்ணுவேன். "அம்மா, போதும்மா" என்பாள் எலிசா. அவளுக்கு அந்த நாள் ஒரு வேடிக்கை. அவள் பார்த்தது கண் மூடிய ஓர் ஓட்டையை மட்டும்தான்.

இளைஞர்களே, முன்பக்கமிருந்து எண்ணும் சட்டம் அன்று பிறந்தது. முதலில் எத்தனை அறை என்று எண்ணி வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகே கம்பி.

பொழுது சாயும் நேரத்தில் வாசலில் குதிரை வண்டி நின்றது. உருளையைச் சாவடியில் பிடுங்கிக்கொண்டு ஐயாவை விட்டிருந்தார்கள். கோட்டெல்லாம் புழுதி. தோட்டம் வரை வந்தார். சொல்தா எழுந்து தோட்டாவை அவர் உள்ளங்கையில் வைத்தார். ஐயா அதைப் பார்த்தார், பிறகு எலிசாவைப் பார்த்தார்.

"எத்தனை வாட்டி?" என்றார்.

"மூணு தாத்தா. அடுத்தது அதுதான்" என்றாள் எலிசா.

அவர் தொப்பியைக் கழற்றினார். யார் வீட்டுக்குப் போனாலும் அதைக் கழற்றாத மனிதர். அதை மார்போடு பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளையிலேருந்து நீங்க எண்ணுங்க மதாம்" என்றார். "நான் நின்னு கேட்டுக்கறேன்."